கராஜில் ஒரு ஸ்மோக் ஹவுஸ்

1

கனடாவில் இருக்கிறவளுக்கு என்ன பயம் என்று ஊரில் இருக்கிற நீங்கள் நினைக்கலாம். குளிர் என்பீர்கள், பனியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வது என்பீர்கள். அதெல்லாம் வந்த புதிதில். கரண்ட் பில்லைப் பார்த்து நான் பயப்படுவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இந்தப் பனிக்காலத்தோடு நாங்கள் இங்கே வந்து மூன்று வருடம் ஆகிறது. வந்த நாளை நினைத்து நல்லதாக ஏதாவது எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை தானாகக் கரண்ட் பில்லுக்குப் போகிறது.

இங்கே பில்லில் தூண் தூணாகப் படம் போட்டிருப்பார்கள். போன வருடம் இதே மாதத்தில் எவ்வளவு எரித்தீர்கள், இந்த வருடம் எவ்வளவு என்று பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். தை மாதம் வந்த பில்லில் எங்கள் புதுத் தூண் பழைய தூணைப் போல மூன்று மடங்கு உயரம். என் மகள் நிரோஷாவுக்கு ஏழு வயது. அவள் எட்டிப் பார்த்துவிட்டு, போன வருடத்தை நாம் ஜெயித்துவிட்டோம் என்று இங்கிலீஷில் சொல்லிக் கை தட்டினாள். நான் தொகையை ரெண்டாம் தடவை படித்தேன்.

எல்லாம் என் வீட்டுக்காரரின் வேலை. அவர் பெயர் மணியம். இலங்கையில் புளத்கொகுபிட்டியப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் அவர் ஸ்மோக் ஹவுஸ்காரர். ரப்பர் பாலை உறைய வைத்து, மெஷினில் கொடுத்துத் தட்டையாக்கி, அந்த ஷீட்டுகளை மூங்கில் கம்புகளில் வரிசையாகத் தொங்கவிட்டுப் புகை போடுகிற கட்டடம் அது. வெள்ளையாக உள்ளே போகிற ஷீட் நாலைந்து நாளில் தேன் நிறத்தில் வெளியே வரும். கல்யாணம் கட்டின நாளில் அவர் வேட்டியில் கூட அந்தப் புகை வாடை இருந்தது. என் சித்தி அதைச் சொல்லி இன்னும் என்னைக் கேலி செய்வாள்.

இங்கே அவருக்குக் காளான் வளர்க்கிற பண்ணையில் வேலை. போன இலையுதிர் காலத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் பழைய சாமான் விற்றார்கள். அங்கே போனவர் ஒரு கறுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இடுப்பு உயரம், ஃபிரிட்ஜ் போலக் கதவு, உள்ளே தட்டுத் தட்டாகக் கம்பி வலை. அடியில் கரண்டில் சூடாகிற கம்பி ஒன்று. அதன் மேலே மரச் சில்லுகளைப் போட்டால் புகை வரும். மீனோ கோழியோ உள்ளே வைத்து மூடிவிட வேண்டியதுதான்.

"இந்தா பாரு புள்ள," என்றார். "வெறகு தூக்க வேணாம், ஊத வேணாம், கண்ணு எரியாது. சுவிச்ச போட்டா போதும். இது நம்ம தோட்டத்துத் தொரைக்குத் தெரிஞ்சிருந்தா என்னைய எப்பவோ வீட்டுக்கு அனுப்பியிருப்பாரு."

வந்ததிலிருந்து அந்த மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதனால் கராஜின் ஒரு மூலையில் அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தேன். அவர் அதற்குச் சின்ன ஸ்மோக் ஹவுஸ் என்று பெயர் வைத்தார்.

2

மீன் அருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்லக்கூடாது. அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கவிட்டு வாட்டின காட்டுப் பன்றி இறைச்சியை நீங்கள் சாப்பிட்டிருப்பீர்கள். அந்த ருசிக்குக் கிட்டத்தட்ட வந்தது. தொல்லை என்னவென்றால், மனிதர் பெட்டியை நிறுத்தவே மாட்டார்.

மீன் வெந்து, எடுத்து, சாப்பிட்டும் முடிந்திருக்கும். பெட்டி ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே வெறும் கம்பி வலைதான். ஒரு பிடி மரச் சில்லைப் போட்டுவிட்டு வேலைக்குப் போவார், வந்ததும் இன்னொரு பிடி போடுவார்.

"நெருப்ப அணைக்கக் கூடாது," என்பார். "அணைச்சா புகைக்கூடு வேர்க்கும். வேர்த்தா பூசணம் புடிக்கும். பெறவு எத வச்சாலும் நாறும்."

"இதுல எங்கங்க நெருப்பு இருக்கு? கரண்ட்தானே. வேணும்னா போடுங்க, வேணாம்னா நிறுத்துங்க."

"சூடுன்னா சூடுதான். நீ ஸ்மோக் ஹவுஸ்ல வேல செஞ்சவளா, நான் செஞ்சவனா?"

ஸ்மோக் ஹவுஸ் நெருப்பு அணைந்து போன அன்றைக்கு அவருக்குத் தோட்டத்தில் பேர் போட மாட்டார்கள், அதாவது அன்றைய சம்பளம் இல்லை. ஷீட்டில் பூசணம் பிடித்துவிட்டால் ஏச்சும் சேர்த்துக் கிடைக்கும். அந்தப் பாடம் அவர் உடம்பில் ஏறிப்போயிருந்தது. இங்கே பேர் போட யாருமில்லை, ஏசவும் யாருமில்லை. ஆனாலும் அவர் கை சுவிச்சுப் பக்கம் போகாது.

பிறகு கடுங்குளிர் வந்தது. கராஜில் வாளித் தண்ணீர் கட்டியாகிவிடும். பெட்டியால் சூட்டைப் பிடித்து வைக்க முடியவில்லை. உடனே அவர் ஒரு பழைய ரூம் ஹீட்டரைக் கொண்டுவந்து பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். காற்று வராமல் இருக்கக் கராஜ் ஜன்னலில் கம்பளியை அடித்தார். பெட்டி குடிக்கிற கரண்ட் ஒரு பங்கு என்றால், அதற்குக் காவல் நிற்கிற ஹீட்டர் குடித்தது ரெண்டு பங்கு. ஒரு வேளை மீனுக்காக ரெண்டு மெஷின் இரவும் பகலும் ஓடின. அந்தக் காசுக்குக் கடையில் மீன் வாங்கி, ஊருக்கே விருந்து வைத்து, மிச்சத்தில் ஒரு ஜோடி சப்பாத்தும் வாங்கியிருக்கலாம். அப்படித்தான் அவரிடம் சொன்னேன். அவர் மரச் சில்லு எடுக்கப் போனார்.

பில் வந்த வாரத்தில் ஒரு போன் வந்தது. ஒரு பெண் வேகமாக இங்கிலீஷில் பேசினாள். கரண்ட் என்பது மட்டும் விளங்கியது, எங்கள் வீட்டு விலாசம் விளங்கியது. எதையோ கேட்டு நிறுத்துவாள், நான் எஸ் என்பேன். மறுபடியும் கேட்பாள், மறுபடியும் எஸ். நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

"என்னா கேட்டாங்க?" என்றார் அவர்.

"தெரியலங்க. எல்லாத்துக்கும் எஸ் சொன்னேன்."

அடுத்த நாள் பண்ணையில் இருந்து அவர் முகம் கறுத்து வந்தார். கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்களாம், இந்த நாட்டில் வீட்டுக்குள்ளே கள்ளமாகக் கஞ்சா வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், ஜன்னலை மூடிவிட்டு ராப்பகலாக லைட்டும் ஹீட்டரும் போடுவார்கள், கரண்ட் கணக்கு எகிறினால் பார்க்க வருவார்கள், கூடவே பொலிசும் வரும் என்று. எங்கள் அகதி வழக்கு அப்போது முடிந்திருக்கவில்லை. பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் பத்திரங்கள் அலமாரியில் இருக்கின்றனவா என்று போய்ப் பார்த்தேன்.

"அதான் நம்ம கஞ்சா வளக்கலயே," என்றார்.

"என் தம்பி என்னா செஞ்சான்?" என்று கேட்டேன். அவர் எழுந்து கராஜுக்குப் போனார்.

3

தம்பியைப் பற்றி எழுதாமல் இருக்கலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் அதைச் சொல்லாவிட்டால் எனக்குக் கரண்ட் பில்லில் என்ன பயம் என்று உங்களுக்குப் புரியாது.

தோட்டத்தில் வரிசை வீடாகக் கட்டின எங்கள் லயத்துக்குக் கரண்ட் வந்தது தொண்ணூறுகளின் நடுவில். ஓரத்து அறையில் இருந்த காம்பராக்காரர்கள் ரெண்டு பேர்தான் முறையாக எழுதிக் கொடுத்து எடுத்தார்கள். மற்றவர்களிடம் அதற்கான பத்திரங்கள் இல்லை. ஓரத்துக் காம்பராவிலிருந்து கூரை இடுக்கு வழியாக வயர் இழுத்து, காம்பராவுக்கு ஒரு பல்ப் என்று போட்டுக்கொண்டோம். கள்ள வேலைதான். ஆனால் அந்த ஒரு பல்ப் எரிந்த அன்றைக்கு என் தம்பி சிவா சுவிச்சைப் போட்டுப் போட்டு அணைத்து விளையாடினான். பத்தொன்பது வயதுப் பையன்.

ஒரு நாள் காலையில் வயரைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். கூடவே ஜீப்பில் பொலிஸ். வயரைக் கழற்றிவிட்டுப் போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தோம். அந்த நேரத்தில் கொழும்பில் எங்கேயோ குண்டு வெடித்திருந்தது. எங்கே தமிழரைக் கண்டாலும் சந்தேகம்.

"ஒக்கோம எளியட்ட என்ட," என்று ஒருவர் கத்தினார். எல்லோரும் வெளியே வாருங்கள் என்று.

வெளியே வந்து அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றோம். சீக்கிரம் வந்து நின்றவர்களின் காம்பராவுக்குள்ளே எட்டிப் பார்த்துவிட்டு விட்டார்கள். வரத் தாமதமானவர்கள் வீட்டில் அரிசிப் பானை வரைக்கும் கவிழ்த்தார்கள். தம்பிக்கு அட்டை இல்லை. பிறந்த பதிவே சரியாக இல்லாத பிள்ளைக்கு அட்டை எப்படி வரும்? ரெண்டு தடவை எழுதிப் போட்டும் வரவில்லை. சிங்களத்தில் அதை அவன் நன்றாகத்தான் விளக்கினான். அவனுக்கு என்னைவிட நல்ல சிங்களம். இவ்வளவு நன்றாகப் பேசுகிறவன் ஏன் அட்டை இல்லாமல் இருக்கிறான் என்று அதுவே குற்றமாகிவிட்டது. ஜீப்பில் ஏற்றினார்கள்.

மூன்று வாரம் கழித்து அவன் வந்தான். என்ன செய்தார்கள் என்று இன்று வரைக்கும் சொன்னதில்லை. வந்தவன் முதல் வேலையாக ஸ்டூலைப் போட்டு ஏறிப் பல்பைக் கழற்றினான். "கரண்ட்டே வேணாங்க்கா," என்றான். நான் கல்யாணம் கட்டிப் போகிற வரைக்கும் எங்கள் வீட்டில் குப்பி லாம்புதான் எரிந்தது.

அதிலிருந்து எங்கள் லயத்தில் ஒரு பழக்கம் வந்தது. ஜீப் சத்தம் கேட்டால் அவர்கள் கூப்பிடும் வரைக்கும் காத்திருக்க மாட்டோம். அடுப்பை அணைத்துவிட்டு, அட்டையை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு முன்னாடியே போய் வரிசையில் நின்றுவிடுவோம். கதவைத் திறந்தே வைப்போம். கஹவத்தையில் என் நாத்தனார் இருந்த தோட்டத்திலும் இதே பழக்கம்தான். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நிரோஷா என் வயிற்றில் இருந்தபோதும் நான் அப்படி ஒரு தடவை நின்றிருக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்குள்ளே ஒரு வைராக்கியம் வந்தது. இந்தப் பிள்ளை எங்கே வளர்ந்தாலும் சரி, எப்படி வளர்ந்தாலும் சரி, இந்தப் பயம் மட்டும் அவளுக்குத் தெரியக்கூடாது. நாங்கள் ஊரை விட்டு வந்ததற்கு வழக்கில் ஆயிரம் காரணம் எழுதினார்கள். என்னுடைய காரணம் அது ஒன்றுதான்.

4

அந்த விஷயத்தில் கடவுள் என்னைக் கைவிடவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிரோஷா இங்கே வரும்போது அவளுக்கு நாலு வயது. ஒரு வருடத்தில் இங்கிலீஷ் பிடித்துக்கொண்டாள், அடுத்த வருடத்தில் தமிழை விட்டுவிட்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். நான் சொல்வதெல்லாம் விளங்கும், வாயில் மட்டும் வராது. "பாப்பா, தமிழ்ல சொல்லும்மா," என்றால் தோளைக் குலுக்கிவிட்டுப் போவாள். என் வீட்டுக்காரருக்கு அது பெரிய கவலை. எனக்கும் கவலைதான். ஆனால் உள்ளுக்குள்ளே ஒரு கள்ள சந்தோஷமும் இருந்தது. எங்கள் பேச்சு வராதவளுக்கு எங்கள் பயமும் வராது என்று ஒரு கணக்கு.

அவள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பொலிஸ்காரர் வந்து, ரோட்டை எப்படிக் கடப்பது என்று சொல்லிக் கொடுத்துப் பிள்ளைகளுக்கு ஸ்டிக்கர் கொடுத்தார். அவள் அதைத் தன் கட்டிலில் ஒட்டிவைத்தாள். ரோட்டில் பொலிஸ் கார் போனால் கை ஆட்டுவாள். அவர்களும் திரும்பக் கை ஆட்டுவார்கள். பக்கத்தில் நிற்கிற எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனாலும் முகத்தில் காட்டமாட்டேன். சிரித்துக்கொண்டு நிற்பேன். அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

5

அவர்கள் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார்கள். அவர் பண்ணைக்குப் போயிருந்தார். நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். நிரோஷா டீவி பார்த்துக்கொண்டிருந்தாள். குசினி ஜன்னல் வழியாக முதலில் ஏணி வைத்த வேன் ஒன்று வந்து நிற்பதைப் பார்த்தேன். அதன் பின்னாலேயே பொலிஸ் கார்.

நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டேன். அடுப்பை அணைத்தேன். அலமாரியிலிருந்து எங்கள் அகதிப் பத்திரங்களை எடுத்தேன். நிரோஷாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கதவை விரியத் திறந்துபோட்டு வெளியே வந்தேன். சுவரோடு சுவராக நின்றேன். பத்திரத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்தேன்.

கணுக்கால் வரைக்கும் பனி. எனக்குக் காலில் ரப்பர் செருப்பு, பிள்ளைக்குக் காலுறை மட்டும்.

நிரோஷா பொலிஸ் காரைப் பார்த்ததும் வழக்கம்போல் கையைத் தூக்கி ஆட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே அழுத்தினேன்.

"கை ஆட்டாத. நேரா நில்லு. கீழ பாரு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஏன் என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"அவங்க கூப்பிடறதுக்கு முன்னாடி வந்துடணும். பேசாத."

என் குரல் அவளுக்குப் புதிது. எனக்கே அது புதிதாகத்தான் இருந்தது, இத்தனை வருடம் கழித்து. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கை என் கைக்குள்ளே நடுங்க ஆரம்பித்தது. குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

காரிலிருந்து இறங்கினவள் ஒரு பொலிஸ்காரி. எங்களைப் பார்த்ததும் ஓட்டமாக வந்தாள். நான் பத்திரத்தை முன்னால் நீட்டினேன். அவள் என் கையிலிருந்த பத்திரத்தைப் பார்க்கவே இல்லை. பிள்ளையின் காலைக் காட்டி ஏதோ சொன்னாள், வீட்டுக்குள்ளே கை காட்டினாள். நான் அசையவில்லை. ஊரில் உள்ளே போகச் சொல்லிவிட்டுப் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தின கதையெல்லாம் எனக்குத் தெரியும். கடைசியில் அவள் தன் கையுறைகளைக் கழற்றி, பனியில் மண்டியிட்டு, பிள்ளையின் கால்களில் மாட்டிவிட்டாள். அப்போதுதான் நான் உள்ளே போனேன்.

வேனில் வந்தவர் கராஜைப் பார்க்கவேண்டும் என்றார். திறந்து காட்டினேன். மூடின ஜன்னல், எரிகிற ஹீட்டர், அதற்குப் போகிற வயர், புகைகிற பெட்டி. அவர் பெட்டியின் கதவைத் திறந்தார். உள்ளே வெறும் கம்பி வலை. அவரும் பொலிஸ்காரியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர் நிரோஷாவிடம் ஒரு கேள்வி கேட்டார். அவள் அதையே மெதுவான இங்கிலீஷாக்கி என்னிடம் கேட்டாள். அவளுடைய மொழிபெயர்ப்பு அவ்வளவுதான். உள்ளே ஒன்றும் இல்லையே, ஏன் ஓடுகிறது?

"நெருப்பு அணையக் கூடாதுன்னு சொல்லும்மா," என்றேன்.

அவள் சொன்னாள். அவர் சிரிக்கப் பார்த்து, என் முகத்தைக் கண்டதும் சிரிப்பை விட்டுவிட்டார். இந்த ஹீட்டரும் இந்த வயரும் வீட்டையே கொளுத்திவிடும், முதலில் இதைக் கழற்றுங்கள் என்று கையாலேயே காட்டிச் சொன்னார். தேவைப்படும்போது மட்டும் பெட்டியைப் போடச் சொன்னார். அவ்வளவுதான். பொலிஸ்காரி போகும்போது நிரோஷாவின் தலையைத் தடவினாள். பிள்ளை நிமிரவில்லை.

என் வீட்டுக்காரர் சாயந்தரம் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "பெட்டிக் கதவ தொறந்தாங்களா?" என்றார் முதலில். எனக்கு வந்த கோபத்தில் பாத்திரத்தை எறிந்திருப்பேன். பிறகு அவரே எழுந்து போய் ரெண்டு பிளக்கையும் பிடுங்கினார். கொஞ்ச நேரம் கராஜிலேயே நின்றார். பெட்டி ஆறும்போது டக் டக் என்று சத்தம் போட்டது.

"புள்ள பயந்துச்சா?" என்றார்.

"இல்லங்க," என்றேன். "அவ எங்க பயப்படப் போறா?"

6

சின்ன ஸ்மோக் ஹவுஸ் இப்போது மாதத்தில் ஒரு நாள்தான் ஓடுகிறது. காலையில் மீனை வைத்தால் மத்தியானம் எடுத்துவிட்டு அணைத்துவிடுகிறார். கூடு வேர்க்கத்தான் செய்கிறது. ஒரு துணியால் துடைத்தால் சரியாகிவிடுகிறது. அதை ஒத்துக்கொள்ள மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. பங்குனியில் வந்த பில்லில் எங்கள் தூண் குட்டையாக நின்றது. அதை ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தேன். ஊரில் சண்டைச் செய்தி நாளுக்கு நாள் மோசமாக வந்துகொண்டிருந்தது. தம்பி போனில் ஒரு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. இருந்தாலும் இந்த வீட்டுக்குள்ளே வந்த பயம் வந்த வழியே போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். வழக்கிலும் நல்ல செய்தி வரும் போலிருக்கிறது என்று வக்கீல் சொன்னார். அப்படியே நல்லபடியாக இதை முடித்து உங்களுக்கு அனுப்பியிருப்பேன்.

போன வாரம் நிரோஷா பள்ளி விட்டு வந்த பிறகு நான் கீழ் அறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வாசல் மணி அடித்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு படியேறி வந்தால், முகத்தில் குளிர் காற்று அடித்தது. கதவு விரியத் திறந்து கிடந்தது. டீவியை அணைத்திருந்தாள்.

வெளியே பார்சல் கொண்டுவந்தவர் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றார். பக்கத்து வீட்டுக்கு வந்த பார்சல், அங்கே யாரும் இல்லையாம். அவருக்குப் பக்கத்தில், சுவரோடு சுவராக என் மகள் நின்றாள். காலில் பூட்ஸ் மாட்டியிருந்தாள். லைப்ரரி அட்டையை ரெண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தாள். பார்வை தரையில் இருந்தது. அந்த மனிதர் சிரித்துச் சிரித்து ஏதோ கேட்கிறார், அவள் வாய் திறக்கவில்லை.

"பாப்பா," என்று கூப்பிட்டேன்.

அவள் தலையை நிமிர்த்தாமல், ஒரு வருடத்துக்கு மேலாக என்னிடம் பேசாத தமிழில், ஒரு பிழையும் இல்லாமல் சொன்னாள்.

"நீங்களும் வாங்கம்மா. அவங்க கூப்பிடறதுக்கு முன்னாடி வந்துடணும்."